தட்டைக்காட்டில் எண்பத்து நான்கு மாடுகள்

"அந்தக் குவியலை அள்ளியாச்சா மாமா?"

கேல் இதைக் கேட்டபோது நார்பர்ட் வாவ்ராவின் வாய்க்குள் பாதி இலவங்கப்பட்டை ரோல் இருந்தது. வியாழக்கிழமை காலை. மணி ஆறு ஐம்பது. கூட்டுறவு தானியக் கிடங்கின் காபி மேஜையில் இன்னும் கூட்டம் சேரவில்லை.

"எந்தக் குவியல்?"

"தென்கிழக்கு மூலையில. ஓடைக்கு அந்தாண்ட. நான் கொட்டினேனே, அது. நீங்க டோக்கியோல இருந்தப்ப ஃபோன்ல சொன்னேனே."

நார்பர்ட் மெல்வதை நிறுத்தினார்.

மூன்று வாரம் முன்பு நடந்தது அது. அறுவடை உச்சத்தில் இருந்தது. மனைவியின் தம்பி கேல்தான் தானிய வண்டி ஓட்டினான். அடிக்கதவைச் சரியாக மூடாமல் ஓட்டி, ரெண்டரை டன் மக்காச்சோளத்தை ஓடைக்கரை மரங்களுக்குப் பின்னால் கொட்டிவிட்டான். அந்த நேரத்தில் நார்பர்ட் ஊர் மாட்டிறைச்சிக்கு விளம்பரமாக டோக்கியோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பல்குத்தும் குச்சியில் மாட்டிறைச்சித் துண்டு குத்தி ஜப்பானியப் பெண்மணிகளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். "விடு மாப்ளே, வந்து மெஷின் வச்சு உறிஞ்சி எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் குத்தினார்.

பிறகு மழை. பிறகு கூட்டம். பிறகு இன்னொரு கூட்டம். சுத்தமாக மறந்து போயிற்று.

"மாமா? என்ன, முகம் வெளுத்துப் போச்சு?"

"நேத்து மத்தியானம் ஆர்லிஸுக்கு ஃபோன் பண்ணிட்டேன்டா."

"என்னன்னு?"

"வயல் சுத்தம்னு."

கேல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் எழுதி வைக்காத சட்டம் இது. அறுவடை முடிந்ததும் சோளக்காரன் வயலில் நிற்கும் தட்டையை மேய மாட்டுக்காரர்கள் மாடுகளை ஓட்டி வருவார்கள். அதற்கு முன்னால் சோளக்காரன் வயலைக் கோடிக்குக் கோடி நடந்து பார்க்க வேண்டும். சிந்தியது, கொட்டியது எல்லாம் அள்ளிவிட்டுத்தான் 'வயல் சுத்தம்' என்று வாயைத் திறக்க வேண்டும். அதைக் கேட்காமல் யாரும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். கேட்டுவிட்டால் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். காரணம், கோடை முழுக்கப் புல் தின்ற மாட்டின் முன்னால் சோளக் குவியல் அகப்பட்டால், அது நிறுத்தத் தெரியாமல் தின்னும். தின்றது வயிற்றுக்குள் புளிக்கும். புளித்தால் அமிலம். ஒரே நாளில் மந்தையே படுத்துவிடும்.

நார்பர்ட் நடக்கவில்லை. நடக்காமலே சொல்லிவிட்டார். கறி வாங்க வரும் ஜப்பான் ஆட்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டதால் மாட்டிறைச்சி விளம்பரப் படப்பிடிப்பு வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாறியது. கேமராவுக்கு மாடு வேண்டும். பின்னணிக்குச் சோளத்தட்டை வேண்டும். அவசரம்.

"நேத்து மூணு மணிக்கே மாட்டை விட்டிருப்பா" என்றான் கேல்.

நார்பர்ட் ஏற்கெனவே பிக்கப் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஏழேகாலுக்கு வயல். பனி வெளுத்துக் கிடந்தது. மேட்டைத் தாண்டி ஓடைக்கரைக்கு வந்ததும் நார்பர்ட் பிரேக்கை மிதித்தார். குவியல் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம். முக்கால்வாசி போயிருந்தது. அதைச் சுற்றிப் பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் டோலெஷாலின் சிவப்பு மாடுகள். எல்லாம் சினை மாடுகள். சில நின்றன. சில படுத்திருந்தன. ஒன்று கூட அசை போடவில்லை.

"டாக்டரைக் கூப்பிடுங்க மாமா" என்றான் கேல். "இப்பவே கூப்பிட்டா மருந்து ஊத்திக் காப்பாத்திடலாம். எங்க அப்பா காலத்துல ஒரு தடவை..."

"வாயை மூடு. யோசிக்க விடு."

நார்பர்ட் யோசித்தார். மாட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

எல்ம் பள்ளத்தாக்கு மக்காச்சோள வாரியத்துக்கு மறுநாள் தலைவர் தேர்தல். நார்பர்ட் நிற்கிறார். ஒன்பது ஓட்டு. வாரியத்துப் பணம் விவசாயி பணம்தான். விற்கிற ஒவ்வொரு புஷல் அளவு தானியத்துக்கும் அரை சென்ட் எடை மேடையிலேயே பிடித்துவிடுவார்கள். அதில் ஒரு பங்கை நார்பர்ட் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். "சோளம் வித்த காசுல கறிக்கடைக்காரனுக்கு எதுக்குய்யா போஸ்டர்?" என்று கத்தியவர்களிடமெல்லாம் ஒரே பதில் சொன்னார்: "நம்ம சோளம் ஊரை விட்டு நாலு கால்லதான்யா வெளிய போகுது. மாடு விக்கலைன்னா சோளத்தை நீயா தின்பே?" எதிரில் நிற்கும் ஹார்லன் புடெக்குக்கு அந்த விளம்பரமே பிடிக்காது. இன்றைய படம் கெட்டால், நாளை ஹார்லன் தலைவர். அதுவும் எப்படிக் கெட்டது? மாட்டுக்காரர்களின் தோழன் நார்பர்ட் வாவ்ரா, பக்கத்து வீட்டுக்காரியின் மந்தையையே கொன்றான்.

"டிராக்டர்ல டிஸ்க்கை மாட்டிட்டு வா" என்றார். "மிச்சத்தை மண்ணோட கலந்து உழுதுடு. சீக்கிரம். எட்டு மணிக்குள்ள."

"மாடு?"

"நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிடறேன். பன்னெண்டு மணிக்குள்ள படம் முடிஞ்சிடும். அப்புறமா டாக்டர்."

"மாமா, நாலு மணி நேரம் தாங்காது. ஆர்லிஸுக்கு இதை விட்டா வேற..."

"நீ யாரு வீட்டுல குடியிருக்கே?"

கேல் இறங்கி நடந்தான்.

நார்பர்ட் பிக்கப் கதவைத் தட்டித் தட்டி, ஹாரன் அடித்து, எண்பத்து நான்கு மாடுகளையும் மேட்டைத் தாண்டி ஓட்டினார். குடித்தவன் மாதிரி இரண்டு மாடுகள் பின்னங்கால் பின்ன நடந்தன. ஒன்று எழவே மறுத்தது. அதன் வாலை முறுக்கினார். எழுந்தது.

ஆர்லிஸ் எட்டரைக்கு வந்தாள். ஐம்பத்தாறு வயது. கணவன் டேனி விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது; போகிறபோது டிராக்டரை எடுத்துக்கொண்டான், மாடுகளை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே இந்த மந்தைதான். சந்தையில் மாடு வாங்கியவள் இல்லை. ஒவ்வொன்றும் அவள் கையில் பிறந்தது. ஒவ்வொன்றின் தாயும் அவள் கையில் பிறந்தது.

"டோக்கியோ துரைக்கு வணக்கம்" என்றாள். படத்துக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தாள். "என்ன, என் மாட்டுக்கு முன்னாடி நீயே வந்து நிக்கறே? இதுங்களுக்கும் குச்சில குத்திக் கறி குடுக்கப் போறியா?"

"வாயைக் குறை ஆர்லிஸ். இன்னிக்கு நீ சினிமா ஸ்டார்."

"எனக்கு என்ன குடுக்கறாங்க?"

"பேர் குடுக்கறாங்க."

"அதைச் சட்டியில போட்டு வதக்கலாமா?"

சிரித்தார்கள். அவள் சிரித்தபடியே மாடுகளைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

"என்னமோ மாதிரி இருக்குதுங்க நார்பர்ட்."

"எப்படி?"

"மந்தமா. அசை போடல பாரு. அந்த முப்பத்தி நாலாம் நம்பர் என் வண்டி சத்தம் கேட்டா ஓடியே வருவா. இன்னிக்குத் திரும்பிக் கூடப் பார்க்கல."

"புது இடம். பனி வேற. உன் மாடு எப்பதான் சுறுசுறுப்பா இருந்துச்சு? ஸ்கூல்ல நீ எப்படியோ அப்படித்தானே அதுங்களும்."

"ஜெனிஸ் டாக்டரை ஒரு எட்டு வரச் சொல்லட்டுமா?"

அவள் கைபேசியை எடுத்தாள். நார்பர்ட் மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஆர்லிஸ், கேளு. கறி வாங்க வந்தவன் கண்ணு முன்னாடி மாட்டு டாக்டர் வண்டி நின்னா என்ன நினைப்பான்? நோய் பிடிச்ச மாடுன்னு நினைப்பான். உன் மாடு மட்டும் இல்ல, இந்த ஜில்லா மாடே போச்சு. மத்தியானம் கூப்பிட்டுக்க. நானே கூப்பிடறேன்."

அவள் தயங்கினாள். பிறகு கைபேசியைப் பாக்கெட்டில் போட்டாள்.

"நீ வயல் சுத்தம்னு சொல்லிட்டே. அப்ப வேற என்னவா இருக்கும்" என்றாள், தனக்குத்தானே. "பனிதான் போல."

ஒன்பது மணிக்கு ஒமாஹாவிலிருந்து ட்ரினா வந்தாள், கேமராக்காரனோடும் காகிதங்களோடும். விளம்பரக் கம்பெனிப் பெண். ஆர்லிஸிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினாள், முடியைக் கோதிவிட்டாள், பேச வேண்டியதைக் கொடுத்தாள். பத்து மணிக்கு வேன். ஜப்பானிலிருந்து வந்த ஐந்து பேர். பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமத்தின் இறைச்சிக் கொள்முதல் தலைவர் கவாமுரா முன்னால் வந்தார். ஒல்லி, நரைத்த மீசை, வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸ். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண். நார்பர்ட்டின் மனைவி செய்து அனுப்பிய கொலாச்சிப் பலகாரத்தை நார்பர்ட்டே தட்டில் வைத்து நீட்டினார். கசகசா வைத்தது, ஆப்ரிகாட் வைத்தது. எல்லோரும் குனிந்து எடுத்துக்கொண்டார்கள்.

"ஆக்‌ஷன்" என்றாள் ட்ரினா.

"என் பக்கத்து வயல்காரர் விளைவிப்பதை என் மாடு தின்கிறது" என்றாள் ஆர்லிஸ், மனப்பாடம் செய்த குரலில். "அவர் சோளம்தான் என் மாட்டின்... என் மாட்டின் பலம்."

"சூப்பர் மேடம்! இன்னொரு தடவை, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே."

பின்னால் ஒரு மாடு மெல்ல முன்னங்காலை மடித்துப் படுத்தது. தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது.

"ஐயோ, எவ்வளவு அமைதி!" என்றாள் ட்ரினா. "அதை எடு, அதை எடு. சார், ஒரு ஐடியா. அந்தக் காத்தாடித் தொட்டிக்கிட்ட மாடுங்க தண்ணி குடிக்கற மாதிரி ஒரு ஷாட் கிடைக்குமா? சூரியன் இப்ப சரியா இருக்கு."

நார்பர்ட்டுக்குத் தெரியும். சோளம் தின்று புளித்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. அது அவர் அப்பா அவருக்கு ஐந்து வயதில் சொன்னது. தொண்டை வறண்டு தவிக்கும், கெஞ்சும், ஆனாலும் காட்டக் கூடாது.

காற்றாடி இறைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு இந்தப் பக்கம், கம்பி வேலிக்குள் இருந்தது. அதன் கேட் மூடியிருந்தது.

"சார்?"

"எதுக்குக் கிடைக்காது?" என்றார் நார்பர்ட். போய்க் கேட்டைத் திறந்தார்.

மாடுகளை ஓட்ட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வாசனைக்கு அவையே வந்தன. தள்ளாடி, இடித்து, முட்டி வந்தன. தொட்டியில் மூக்கை வைத்தவை எடுக்கவில்லை. கேமராக்காரன் மண்டியிட்டு எடுத்தான். மூக்கிலிருந்து ஒழுகும் தண்ணீரில் வெயில் மின்னியது. "அழகு! அழகு!" என்றாள் ட்ரினா. ஆர்லிஸ் மட்டும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு தாகம் எதுக்கு?" என்றாள்.

கவாமுரா கூட்டத்திலிருந்து விலகினார். படுத்திருந்த மாட்டின் அருகே போய்க் குந்தினார். இடது விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினார். காதை வைத்துக் கேட்டார். பின்பக்கம் போய் அது கழிந்திருந்ததைப் பூட்ஸ் நுனியால் கிளறினார். சாம்பல் நிறம். நுரை. முழுசு முழுசாக மஞ்சள் மணிகள். புளித்த நாற்றம். எழுந்து மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். அவள் முகம் மாறியது.

"திரு. கவாமுரா மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர்" என்றாள், ஆர்லிஸைப் பார்த்து. "இந்த மாடுகள் எவ்வளவு தானியம் தின்றன என்று கேட்கிறார். எப்போது தின்றன என்றும் கேட்கிறார். நேரம் முக்கியம் என்கிறார்."

"தானியமா?" என்றாள் ஆர்லிஸ். "தட்டைக்காட்டுல ஏது தானியம்?"

நார்பர்ட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு ரெண்டு கதிர் கிடக்கும்" என்றார் நார்பர்ட். "எல்லா வருஷமும் கிடக்கறதுதானே. ட்ரினா, அடுத்த ஷாட் என்ன?"

ஆர்லிஸ் கேட்கவில்லை. ஓடினாள். ஒரு மாடு, அடுத்த மாடு, அடுத்தது. வாலைத் தூக்கிப் பார்த்தாள். வாயை முகர்ந்தாள். புதுச் சட்டை முழுக்கச் சாணி. ஓடிக்கொண்டே ஜெனிஸ் உல்ரிக்கைக் கூப்பிட்டாள். மணி பதினொன்று ஐந்து.

டாக்டர் முப்பத்தைந்து நிமிஷத்தில் வந்தாள். கூட ஒரு உதவி டாக்டர். விலாவில் நீளமான ஊசியைக் குத்தி, உறிஞ்சியதைக் காகிதத்தில் தொட்டுப் பார்த்தாள். காகிதம் நிறம் மாறியது. மூன்று மாடு பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள்.

"சோளம். குவியலாத் தின்னிருக்கு. எப்பத்துலேர்ந்து?"

"நேத்து மூணு மணிக்கு விட்டேன்" என்றாள் ஆர்லிஸ். "ஆனா எங்க? இங்க எதுவும் கொட்டலையே."

"தண்ணி யாரு காட்டினது?"

ட்ரினா கேமராக்காரனைப் பார்த்தாள்.

"தண்ணி யாருய்யா காட்டினது?"

"ஷாட்டுக்காக..." என்றாள் ட்ரினா. "எனக்குத் தெரியாது மேடம், சத்தியமா. சார்தான் கேட்டைத் திறந்தாரு."

ஜெனிஸ் நார்பர்ட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கயாவது கொட்டியிருக்கா நார்பர்ட்? நேரா சொல்லு. எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் நான் எதைக் காப்பாத்த முடியும்னு தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல."

மேட்டுக்கு மேலே டிராக்டர் நின்றிருந்தது. கேல் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் நேராக அவனிடம் போனாள். டிஸ்க்கின் தகடுகளில் ஈர மண். மண்ணில் மஞ்சள் மணிகள். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவனுடைய சட்டையைப் பிடித்தாள்.

"இது என்னடா?"

"ஆர்லிஸ்..."

"இது என்னன்னு கேட்டேன்."

"ரெண்டரை டன்" என்றான் கேல். அழுதுவிட்டான், நாற்பத்தொரு வயது ஆள். "நான்தான் கொட்டினேன். அறுவடையில. மிச்சத்தை உழுதுடச் சொன்னாரு. காலையில ஏழு மணிக்கே பார்த்துட்டோம். டாக்டரைக் கூப்பிடலாம்னு நான் சொன்னேன், ஆர்லிஸ். சொன்னேன்."

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் கவாமுராவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

ஆர்லிஸ் திரும்பி வந்தாள். நார்பர்ட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஏழு மணிக்கே தெரியுமா உனக்கு?"

"படம் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்... ஆர்லிஸ், உனக்காகவும்தான். இந்தப் படம் எல்லா மாட்டுக்காரனுக்கும்தான்..."

"ஜெனிஸ்" என்றாள் அவள், அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "ஏழு மணிக்குக் கூப்பிட்டிருந்தா?"

டாக்டர் பையைத் திறந்துகொண்டிருந்தாள். "இதைக் கேட்காதே."

"சொல்லு."

"மருந்து ஊத்தியே முக்கால்வாசியை நிறுத்தியிருப்பேன். ஒண்ணு ரெண்டு போயிருக்கும்."

"இப்ப?"

"இருபது மாடு ஓரமா நின்னதுங்க, அதிகம் தின்னல. பிழைச்சுக்கும். மிச்சம் அறுபத்திச் சொச்சம். இனி அதுங்களுக்கு மருந்து பிரயோஜனம் இல்ல. வயித்தைக் கிழிச்சுக் கையால வாரி வெளிய எடுக்கணும். ஒண்ணுக்கு முக்கால் மணி நேரம். நாங்க ரெண்டு பேர். இருட்டறதுக்குள்ள பத்து பண்ணலாம். அதுக்கு மேல எதுவும் தாங்காது." பெயின்ட் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள். ஆரஞ்சு நிறம். "இன்னும் தலையைத் தூக்கறதா பார்த்துப் பத்து கோடு போடு ஆர்லிஸ். யோசிக்காதே. போடு."

ஆர்லிஸ் குச்சியை வாங்கினாள். நார்பர்ட்டின் கையில் திணித்தாள்.

"நீ போடு."

"ஆர்லிஸ், வேணாம்..."

"காலையில ஏழு மணிக்கு எல்லாத்துக்கும் நீதானே முடிவு பண்ணினே. இதுக்கும் நீயே பண்ணு. எந்தப் பத்து?"

"எனக்கு உன் மாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"நான் சொல்றேன். நட."

டாக்டர் தடுக்க வாயெடுத்தாள். ஆர்லிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டாள்.

நார்பர்ட் நடந்தார். ஆர்லிஸ் அவருக்கு ஒரு அடி பின்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. சந்தையில் மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"இது ஐம்பத்தி எட்டு. தலைச்சன் கன்னு வயித்துல. போடறியா? சரி, போட்டுட்டே. ஒண்ணு. இது பன்னெண்டு. இவ அம்மாவை டேனி போன அன்னிக்குப் பிரசவம் பார்த்தேன். போடல? சரி, வா. இது அறுபத்தி மூணு. இரட்டைக் கன்னு போடுவா, ரெண்டுக்கும் பால் குடுப்பா. போடறே. ரெண்டு. இது முப்பத்தி நாலு. என் வண்டி சத்தம் கேட்டா ஓடி வருவான்னு காலையில சொன்னேனே. தலையைத் தூக்க மாட்டேங்கறா. வேணாமா? வா."

ஐந்தாவது மாட்டில் கோடு கோணலாக விழுந்தது. ஆறாவதில் குச்சி உடைந்தது. அவள் குனிந்து உடைந்த துண்டை எடுத்துத் திரும்பக் கொடுத்தாள்.

"போதும் ஆர்லிஸ். கெஞ்சறேன்."

"இன்னும் நாலு இருக்கு."

ஒன்பது போட்டாயிற்று. பத்தாவதுக்கு இரண்டு மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று இளசு. இன்னொன்று கிழம், நெற்றியில் வெள்ளைச் சுழி. நார்பர்ட் கிழத்தின் முன்னால் மண்டியிட்டார். அதன் தலையில் கை வைத்தார். அது சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி, அவருடைய மணிக்கட்டை நக்கியது. உப்புக்காக.

"அது நாப்பத்தி ஒண்ணு" என்றாள் ஆர்லிஸ். "பதினோரு கன்னு. ஒரு வருஷம் கூடத் தவறினதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி பனிப்புயல்ல நான் கொட்டகைக்கு வழி தெரியாம நின்னப்ப, இவ வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீடு வந்தேன்."

நார்பர்ட்டின் தோள் குலுங்கியது. மாட்டின் நெற்றியில் நெற்றியை வைத்தார்.

"முடிவு பண்ணு. ஜெனிஸ் காத்துக்கிட்டிருக்கா."

"இதுக்கு... வயசாயிடுச்சு" என்றார் நார்பர்ட்.

எழுந்தார். இளசின் முதுகில் கோடு இழுத்தார். பத்து.

கேமராக்காரன் சற்றுத் தள்ளி, தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

கவாமுரா போவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றி ஆர்லிஸின் முன் இடுப்பு மடியக் குனிந்தார். நார்பர்ட் கை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பார்க்காமல் வேனில் ஏறினார்.

பத்தில் ஏழு பிழைத்தன. கோடு போடாததில் நான்கு, எப்படியோ, தாமாகவே எழுந்தன. மற்றவை எழவில்லை. கடைசியில் துடித்தவற்றை வெள்ளிக்கிழமை காலை ஜெனிஸ் துப்பாக்கியால் முடித்தாள். எண்ணாமல் எண்ணியவர்கள் ஐம்பத்து மூன்று என்றார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கன்று.

அதே வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாரியம் கூடியது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இந்த ஊரில் ஒரு செய்தி பரவக் காலை காபி போதும். ஹார்லன் புடெக் எழுந்து அரை மணி நேரம் பேசினான். வாவ்ராவை வாரியத்திலிருந்தே நீக்க வேண்டும் என்றான். கவாமுராவின் ஆட்கள் கொள்முதல் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னான். பிறகு ட்ரினா மடிக்கணினியைத் திறந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டியதை இருபத்தாறு வினாடி ஓட்டிக் காட்டினாள். ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார்.

"மாடு போனது வருத்தம்தான்" என்றார் அவர். "ஆனா இந்த மாதிரி ஒரு படம் காசு குடுத்தாலும் கிடைக்காதுய்யா."

"ஜப்பான்காரன் போனா கொரியாக்காரன் இருக்கான்" என்றார் இன்னொருவர்.

ஐந்துக்கு நாலு. நார்பர்ட் வாவ்ரா தலைவர். அவர் எழுந்து நன்றி சொல்ல வாயைத் திறந்து, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்தார். அதையும் நல்ல மனசு என்றார்கள்.

மார்ச் மாதம் விளம்பரம் வெளியானது. வெளிநாட்டுக்குப் போனது; இங்கேயும் டிவியில் தானிய விலை சொல்லும் நிகழ்ச்சிக்கு நடுவில் ஓட்டினார்கள். தானியக் கிடங்கின் காபி மேஜையில் அன்றைக்கு ஏழு பேர். ஆர்லிஸ் மூலையில் நின்று மாடு நக்கும் தாது உப்புக் கட்டிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் வாங்கியதில் கால்வாசிதான் வாங்கினாள்.

திரையில் பனி வெளுத்த வயல் வந்தது. பியானோ. ஒரு விவசாயி, முகம் முழுக்கக் கண்ணீர், படுத்திருக்கும் சிவப்பு மாட்டின் முன் மண்டியிடுகிறார். தலையில் கை வைக்கிறார். மாடு அவர் மணிக்கட்டை நக்குகிறது. நெற்றியோடு நெற்றி. 'உங்கள் தட்டில் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் அதை நேசித்த ஒரு சோள விவசாயி இருக்கிறான்' என்றது ஒரு கனத்த குரல்.

வெளியூர் லாரி டிரைவர் ஒருவன் ரோலைக் கடிப்பதை நிறுத்திப் பார்த்தான். "யாருங்க அந்தப் பெரியவர்? மாட்டு மேல என்ன பாசம் பாருங்களேன்."

மேஜையில் யாரும் நிமிரவில்லை.

"அது நாப்பத்தி ஒண்ணு" என்றாள் ஆர்லிஸ்.

"என்னதும்மா?"

"அந்த மாட்டோட நம்பர். அதுக்கு அவன் கோடு போடல."

டிரைவருக்குப் புரியவில்லை. மேஜையைச் சுற்றிப் பார்த்தான். ஒருத்தர் கோப்பைக்குள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். இன்னொருத்தர் கை நீட்டி ரிமோட்டை எடுத்தார். அணைக்கத்தான் எடுத்தார் என்று தோன்றியது. சோள விலை வந்துவிட்டது, சத்தத்தைக் கூட்டினார்.